சிப்பின் சூட்டைத் தணிக்கும் லேப் வைரம்

வைரம் என்றால் நமக்கு மூக்குத்தியும் தோடும்தான் நினைவுக்கு வரும். சிப் வடிவமைக்கும் என்ஜினியர்களுக்கு அதன் ஜொலிப்பில் அக்கறை இல்லை. வெப்பத்தை வைரம் எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதே அவர்களுக்கு முக்கியம். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வைரம் எங்கெல்லாம் பயன்படுகிறது, "டயமண்ட்" என்று போட்டு விற்கப்படும் கம்ப்யூட்டர் பொருட்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

சூடுதான் வேகத்தடை

இன்டெல் பெண்டியம் 4 ப்ராசசர் 2004ஆம் ஆண்டிலேயே 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்டது. அடுத்து வரவிருந்த "தேஜாஸ்" ப்ராசசரை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டது. அதன் மின்தேவையும் வெப்பமும் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனதே பெரிய காரணம். 2024இல் வந்த கோர் ஐ9 14900கேஎஸ் ப்ராசசரின் உச்ச வேகம் 6.2 கிகாஹெர்ட்ஸ். இருபது ஆண்டுகளில் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சூட்டை வெளியேற்ற முடிந்த அளவுக்குத்தான் வேகத்தைக் கூட்ட முடியும்.

பொருட்களின் வெப்பக் கடத்துதிறனை ஒரு எண்ணால் குறிப்பார்கள். சிலிக்கனுக்கு அது சுமார் 150. அலுமினியத்துக்கு சுமார் 235, தாமிரத்துக்கு சுமார் 400. நல்ல வைரத்துக்கோ 2000க்கும் மேல்! மெல்லிய வைரத் தகட்டை விரல்களில் பிடித்து ஐஸ் கட்டியில் அழுத்தினால், நம் உடல் சூட்டிலேயே ஐஸ் உருகித் தகடு உள்ளே இறங்கிவிடும்.

தாமிரத்தில் வெப்பத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். வைரத்தில் அணுக்களின் அதிர்வே வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. தளர்ந்த கயிற்றின் ஒரு முனையை ஆட்டினால் மறுமுனைக்குச் சரியாகப் போய்ச் சேராது. இறுக்கிக் கட்டிய கயிற்றில் உடனே சேரும். கார்பன் அணுக்கள் எடை குறைந்தவை. வைரத்தில் அவை மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அதிர்வு வேகமாகப் பரவுகிறது. அதே சமயம் தூய வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஷார்ட் சர்க்யூட் பயம் இல்லாமல் சிப்பை ஒட்டியே வைக்கலாம்.

வைரம் வளர்வது எப்படி?

இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது பூமிக்கடியில் நடப்பதைப் போன்றது. கார்பனை 50 ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக அழுத்தி, 1300 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்குவார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ட்ரேசி ஹால் 1954 டிசம்பரில் இப்படி வைரம் செய்து காட்டினார்.

இரண்டாவது முறைக்கு அழுத்தம் தேவையில்லை. ஒரு அறையில் சிறிய வைரத் தகட்டை "விதை"யாக வைத்து, மீத்தேனும் அதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜனும் செலுத்துவார்கள். மைக்ரோவேவ் சக்தியால் வாயு பிளாஸ்மாவாக மாறும். மீத்தேனிலிருந்து பிரியும் கார்பன், விதையின் மேல் அடுக்கடுக்காகப் படியும். கூடவே படியும் கிராஃபைட்டை ஹைட்ரஜன் அரித்து நீக்கிவிடும், வைரம் மட்டும் தங்கும். தேவையான அளவில், தேவையான தூய்மையில் தகடாகவே கிடைப்பதால் எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கு இந்த முறையே ஏற்றது.

இப்படிக் கிடைப்பது "போலி" இல்லை. கடையில் கிடைக்கும் க்யூபிக் சிர்கோனியா வேறு பொருள். லேப் வைரமோ சுரங்க வைரத்தைப் போலவே கார்பன் படிகம்தான்.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

1. லேசர் டயோடுகளிலும், அதிக சக்தியுள்ள ரேடியோ சிக்னல் சிப்களிலும் வெப்பத்தைப் பரப்பும் தகடாக.

2. சோலார் பேனல் தயாரிப்பில். சிலிக்கன் கட்டியை மெல்லிய வில்லைகளாக அறுப்பது வைரத் துகள் பதித்த நுண்ணிய எஃகுக் கம்பி.

3. விலை உயர்ந்த ஸ்பீக்கர்களில். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 2005இலேயே வைர டுவீட்டர் வைத்த ஸ்பீக்கர்களை வெளியிட்டது.

4. குவாண்டம் ஆராய்ச்சியில். வைரத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜனும், அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும் இருந்தால், அந்தக் குறை மிக நுட்பமான காந்த சென்சாராக வேலை செய்யும். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு வைரங்களில் இத்தகைய குறைகளைக் குவாண்டம் முறையில் பிணைத்துக் காட்டினார்கள்.

5. அணு இணைவு ஆராய்ச்சியில். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில், இலக்குக்குச் செலுத்திய லேசர் சக்தியைவிட அதிக சக்தி வெளிவந்தது. அதில் எரிபொருளை வைத்திருந்த மிகச் சிறிய உருண்டை வைரத்தால் ஆனது.

வைர ப்ராசசர் ஏன் இல்லை?

என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. ட்ரான்சிஸ்டர் செய்ய வேண்டுமானால் வேறு அணுக்களைக் கலந்து இரண்டு வகை அரைக்கடத்தி செய்ய வேண்டும். வைரத்தில் போரான் கலந்து ஒரு வகையைச் செய்துவிடலாம். மற்ற வகைக்கு பாஸ்பரஸ் கலந்தாலும், அறை வெப்பநிலையில் போதிய எலெக்ட்ரான்கள் விடுபடுவதில்லை. மேலும் சிலிக்கன் வேஃபர் 300 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. அந்த அளவில் தரமான ஒற்றைப் படிக வைர வேஃபர் கிடைப்பதில்லை. உயர் மின்னழுத்த சாதனங்களுக்கு வைரம் வரலாம். நம் டெஸ்க்டாப்பில் சிலிக்கன் நீடிக்கும், வைரம் அதற்குத் துணையாக வரும் என்பதே என் கருத்து.

வாங்குமுன் கவனியுங்கள்

வைரத் துகள் கலந்த தெர்மல் பேஸ்ட் கடைகளில் கிடைக்கிறது. வைரத்தின் 2000 என்ற எண்ணை இதில் எதிர்பார்க்காதீர்கள். துகள்களுக்கு நடுவே இருப்பது பிசின் போன்ற பொருள். ஒவ்வொரு துகளையும் தாண்டும்போது வெப்பம் அங்கே தடைபடும். ஆகவே திடமான வைரத் தகட்டுக்குப் பக்கத்தில்கூட இந்தப் பேஸ்ட் வராது. தவிர, கடினமான துகள் என்பதால் அழுத்தித் துடைத்தால் ப்ராசசரின் மேல் அச்சிட்ட எழுத்துகள் தேயக்கூடும். அந்த எண்கள் வாரண்டிக்குத் தேவைப்படலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் சூடாகிறது என்றால் முதலில் ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் உள்ள தூசியைத் தட்டுங்கள். காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றிச் சாதாரணமான நல்ல பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுங்கள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

இந்தியாவும் இந்தத் துறையில் இறங்கியுள்ளது. குஜராத்தின் சூரத் நகரில் லேப் வைரம் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி நகைக்குத்தான் போகிறது. வைரம் வளர்க்கும் கருவிகளையும் விதைகளையும் இங்கேயே உருவாக்க, 2023இல் மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து ஆண்டுகளுக்கு சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கே நடக்கும் வேலை நகைக்கடையோடு நிற்காமல் சிப் தொழிற்சாலை வரை போனால்தான் அந்தப் பணத்துக்கு முழுப் பலன்.