திறந்துகிடக்கும் வாசல் எது?

சென்ற மாதம் திண்டுக்கல் போயிருந்தபோது அத்தை தன் போனை என் கையில் கொடுத்து, "இதைத் தொடவே பயமா இருக்குப்பா" என்றார். காய்கறிக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தொகையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, 'உடனடிக் கடன்' என்று திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து மறைத்துக்கொண்டதாம். மூடுவதாக நினைத்து எதையோ அழுத்த, தெரியாத ஆப் ஒன்று இறங்க ஆரம்பித்திருக்கிறது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பணம் எடுத்து வந்திருக்கிறார். பக்கத்திலிருந்த மொபைல் சர்வீஸ் கடையில், "ஃபார்மட் அடிச்சாத்தாம்மா போகும்" என்றிருக்கிறார்கள். அடித்தால் படங்களும் போய்விடும் என்று தெரிந்ததும் போனை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மாமா உயிரோடு இருந்தபோது எடுத்த கடைசிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

ஃபார்மட் அடிக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் அத்தனைக்கும் காரணம் இரண்டு ஆப்களும், அவர் அறியாமல் அனுமதி கொடுத்திருந்த சில இணையதளங்களும்தான் என்று தெரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்தத் தொல்லையைப் போனின் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அது என்னை வருத்துகிறது. போனுக்கு வரும் ஒவ்வொரு விளம்பரமும் ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் வருகிறது. அது எந்த வாசல் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் எதை அழித்தாலும் தொல்லை திரும்பி வரும்.

முதலில் ஒரு பாகுபாடு. இலவச ஆப் ஒன்றைத் திறந்தால் அதற்குள் விளம்பரம் வருவது வேறு. அந்த ஆப்பைத் தொடாமல், யாரோடோ பேசிக்கொண்டிருக்கும்போது அதே ஆப் வெளியே வந்து திரையைப் பிடிப்பது வேறு. இரண்டாவது வகையைக் கூகுளே தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் இப்படித் தொல்லை செய்த ஏறத்தாழ 600 ஆப்களை ஒரே வீச்சில் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. ஆப்புக்குள் வருவதற்கும் வரம்பு உண்டு. கேம் விளையாடும் நடுவில் எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் காட்டக் கூடாது, 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாதபடி வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் விதி வந்தது. பரிசு தருவதாகச் சொல்லி, நாமே விரும்பிப் பார்க்கும் விளம்பரத்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே இதைப் பொறுத்துப் போக வேண்டிய கடமை நமக்கு இல்லை.

முழுத்திரை விளம்பரம் வந்ததும் நாம் செய்வது, மூலையிலிருக்கும் பெருக்கல் குறியைத் தேடுவது. பல விளம்பரங்களில் அந்தக் குறியே படத்தின் ஒரு பகுதி. தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். அதைத் தொட வேண்டாம். விளம்பரம் திரையில் இருக்கும்போதே, சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். சில போன்களில் சதுர வடிவில் அல்லது மூன்று கோடுகளாக இருக்கும். பொத்தான் இல்லாத போன்களில் கீழிருந்து மேலே தள்ளி, ஒரு கணம் நிறுத்த வேண்டும். ஆப்கள் அட்டை அட்டையாக வரிசையில் வரும். விளம்பரம் தெரியும் அட்டையின் தலையில் ஒரு சின்னம் இருக்கும். அதுதான் ஆசாமி. அந்தச் சின்னத்தைத் தொட்டாலோ அழுத்திப் பிடித்தாலோ 'ஆப் இன்ஃபோ' வரும். அங்கிருந்தே 'அன்இன்ஸ்டால்' செய்துவிடலாம்.

அத்தையின் போனில் அப்படிச் சிக்கியது, போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு கிளீனர் ஆப். போன் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ போட்டுக் கொடுத்தது. கிளீனர், பேட்டரி சேவர், டார்ச், வால்பேப்பர், கீபோர்டு ஆகிய வகைகளில்தான் இந்தத் தொல்லை அதிகம் தங்கியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை செய்யும் வேலையை இன்றைய ஆண்ட்ராய்டு போன் தானாகவே செய்துகொள்ளும்.

"ரெண்டு வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப மட்டும் எப்படி?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆப் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் விளம்பரம் காட்டும் பகுதியைத் தாங்களே எழுதுவதில்லை. விளம்பர நிறுவனங்கள் தரும் நிரல் தொகுப்பை எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் அந்தத் தொகுப்பு மாறினால் ஆப்பின் குணமும் மாறும். 2019 ஆகஸ்டில் கேம்ஸ்கேனர் என்ற புகழ்பெற்ற ஆப்பில் இதுதான் நடந்தது. 10 கோடிக்கும் மேல் தரவிறக்கம் கண்ட அந்த ஆப்பின் விளம்பரத் தொகுப்புக்குள் தீநிரல் ஒளிந்திருப்பதைக் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூகுள் அதை நீக்கியது. விளம்பரத் தொகுப்பைக் களைந்த பிறகு ஆப் மீண்டும் ஸ்டோருக்கு வந்தது. நேற்றுவரை நல்லதாக இருந்தது என்பதற்காக ஒரு ஆப்பைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விலக்கிவிட முடியாது.

சில ஆப்கள் இன்னும் சாமர்த்தியமானவை. சமீப ஆப்களின் வரிசையில் தலைகாட்டாது. முகப்புத் திரையில் சின்னமும் இருக்காது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் முழுப் பட்டியலையும் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பெயரே இல்லாமல் வெற்றாக இருப்பதும், 'செட்டிங்ஸ்' என்ற பெயரில் இரண்டாவதாக ஒன்று இருப்பதும் திருட்டுத்தனத்தின் அடையாளங்கள். பிறகு அதே இடத்தில் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்' என்பதற்குள் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்' என்ற வரியைத் திறங்கள். மற்ற ஆப்களின் மேல் வந்து நிற்கும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்று அங்கே தெரியும். அழைப்பவர் பெயர் காட்டும் ஆப் போன்ற சிலவற்றுக்கு அது தேவை. கிளீனருக்கும் வால்பேப்பருக்கும் எதற்கு? அணைத்துவிடுங்கள். ஒரு ஆப் நீங்க மறுத்து அடம்பிடித்தால், 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிமையைப் பறித்த பிறகு நீங்கிவிடும்.

இவ்வளவுக்கும் அகப்படவில்லை என்றால் 'சேஃப் மோடு' இருக்கிறது. பல போன்களில் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை வைத்தபடி இருந்தால் அது வரும். அந்த நிலையில் நாம் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. விளம்பரம் நின்றுவிட்டால், குற்றவாளி நாம் நிறுவியவற்றுள் ஒன்று என்பது உறுதி. தொல்லை தொடங்கிய நாளையொட்டி நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். படமும் போகாது, பணமும் போகாது.

அடுத்த வாசல் பிரவுசர். அத்தையை உண்மையில் நடுங்க வைத்தது இதுதான். 'உங்கள் போனில் 13 வைரஸ்கள்', 'சிம் முடக்கப்படும்' என்று மணிக்கு நான்கு அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. அவர் வைரஸ் ஸ்கேன் ஆப் ஒன்றைப் போட்டது இந்தப் பயத்தால்தான். அது வேறு சில விளம்பரங்களைக் கூட்டி வந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்: எப்போதோ ஒரு சீரியலைத் தேடிப் போன தளத்தில், 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவ் அழுத்தவும்' என்று எழுதியிருந்திருக்கிறது. அழுத்தினார். அந்த ஒரு தட்டு, அந்தத் தளம் எந்நேரமும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற அனுமதியாகப் பதிவானது. தளத்தை மூடிவிட்டாலும் அனுமதி மூடாது. போனில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் திறன் எந்த இணையதளத்துக்கும் கிடையாது. அப்படிச் சொல்வது எதுவாக இருந்தாலும் பொய்.

குரோமில் மேலேயுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் விரியும். அத்தையின் பட்டியலில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் நீக்கினேன். அறிவிப்பு வந்த நேரத்திலேயே அதை அழுத்திப் பிடித்தாலும் அனுப்பியது யார் என்று தெரியும், அங்கேயே அணைக்கலாம். ஐபோனில் இதே வேலையைக் காலண்டர் வழியாகச் செய்கிறார்கள். தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தா கொடுத்துவிட்டால், நினைவூட்டல் வடிவில் விளம்பரம் வரும். காலண்டர் ஆப்பில் அந்தச் சந்தாவை நீக்கினால் நிற்கும்.

போன் நிறுவனமே வைக்கும் விளம்பரம்

அடுத்த வாசலைப் போன் நிறுவனமே திறந்து வைக்கிறது. அதை வைத்தே போன் விற்கிறார்கள். விலை குறைந்த போனில் லாபம் மெலிது. ஷாவ்மியின் நிறுவனர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில், வன்பொருள் வணிகத்தின் நிகர லாபம் ஒருபோதும் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக உறுதியளித்தார். மீதி லாபத்தில் இணையச் சேவைகளுக்கும் விளம்பரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பெங்களூரைச் சேர்ந்த இன்மொபி குழுமத்தின் கிளான்ஸ் என்ற சேவை, பல நிறுவனங்களின் போன்களில் பூட்டுத்திரையில் உட்கார்ந்திருக்கிறது. விலையில் தள்ளுபடி கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் கடைக்காரர் அதை வாங்குபவரிடம் சொல்வதில்லை, பெட்டியிலும் பெரிதாக எழுதியிருப்பதில்லை. அதுதான் என் மனக்குறை.

அணைக்கும் வழி இருக்கிறது, தேட வேண்டும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ரெகமண்டேஷன்', 'பர்சனலைஸ்டு', 'ஆட்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். வரும் சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே போங்கள். பூட்டுத்திரைப் படங்களை 'லாக் ஸ்க்ரீன்' பகுதியில் நிறுத்தலாம். ஷாவ்மி போன்களில் 'எம்எஸ்ஏ' என்ற பெயரில் விளம்பரச் சேவை ஒன்று இருக்கிறது. அதன் அனுமதியை நீக்கப் போனால் 10 விநாடி காக்க வைக்கும். முடியவில்லை என்று முதலில் சொன்னால், மறுபடி முயலுங்கள்.

எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் செய்ய வேண்டியது இன்னொன்று. அது ஒவ்வொரு போனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் கொடுத்திருக்கிறது. எந்த ஆப்பில் எதைப் பார்த்தோம் என்பதை இணைத்துக் கோக்கும் நூல் அதுதான். செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'ஆட்ஸ்' என்பதைத் திறந்து 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுத்தால் அந்த எண் வெறும் பூஜ்யங்களாகிவிடும். விளம்பரம் குறையாது, நம்மைத் துரத்துவது குறையும். ஆப்பிள் 2021 ஏப்ரலில் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு ஆப்பும் 'உங்களைப் பின்தொடரலாமா?' என்று கேட்டாக வேண்டும் என்று ஆக்கியது. அதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா அறிவித்தது. நம் நடமாட்டத்துக்கு எவ்வளவு விலை இருக்கிறது என்பதை எனக்கு உறைக்கச் செய்த எண் அது.

எஸ்எம்எஸ், அழைப்பு, சிம் வழியாக வரும் பாப்-அப் ஆகியவற்றுக்கு வழி எளிது. 1909க்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டி, இடம் விட்டு 0 போட்டு அனுப்பினால் வணிகச் செய்திகள் முழுவதும் தடுக்கப்படும். அதன் பிறகும் வந்தால் ஏழு நாளுக்குள் அதே 1909இலோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பிலோ புகார் கொடுக்கலாம். முன்பு மூன்று நாள்தான் அவகாசம்; 2025இல் நீட்டித்தார்கள். அனுப்புநர் பெயரின் கடைசியில் ஆங்கில 'பி' இருந்தால் அது விளம்பரம், 'ஜி' இருந்தால் அரசுச் செய்தி. போனைத் தொடும் நேரமெல்லாம் சிம் நிறுவனத்தின் பெட்டிச் செய்தி எழுந்தால், 'சிம் டூல்கிட்' என்ற ஆப்பைத் திறந்து அந்தச் சேவையை அணையுங்கள். கேட்காமல் பணம் பிடிக்கும் சேவைகளை நிறுத்த 155223.

மிச்சமிருப்பது, ஆப்களுக்கும் இணையதளங்களுக்கும் உள்ளேயே வருபவை. ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒரு பெயரைத் தட்டினால் அதன் இணைய முகவரியைச் சொல்லும் விலாசப் புத்தகம்தான் டிஎன்எஸ். ஆட்கார்டு போன்ற நிறுவனங்களின் புத்தகத்தில் விளம்பரக் கணினிகளின் விலாசம் இருக்காது. விலாசம் கிடைக்காத விளம்பரம் வந்து சேராது. ஆட்கார்டு தன் தளத்தில் தந்திருக்கும் பெயரை அங்கே எழுதினால் போதும், ஆப் எதுவும் வேண்டாம். யூடியூபுக்கு இது பலிக்காது. அங்கே வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இணையதளங்களுக்கு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சியைச் சேர்ப்பது நான் அறிந்தவற்றுள் சிறந்த வழி. நான் தினமும் படிக்கும் சிறு செய்தித் தளங்களுக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருக்கிறேன். அவர்கள் உண்ணும் சோறு அந்த விளம்பரத்திலிருந்து வருகிறது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் வங்கி ஆப் என்றும், ஆப்பை நிறுவும் 'ஏபிகே' கோப்புகள் வருகின்றன. இவற்றை விளம்பரத் தொல்லையோடு சேர்த்து எண்ண முடியாது. கணக்கிலிருக்கும் பணத்தையே குறிவைப்பவை. 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற அனுமதியை எல்லா ஆப்களுக்கும் அணைத்து வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

சட்டமும் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி மறைப்பதும், ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. திரையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு அழைத்தால் புகாருக்கு வலு கூடும்.

அன்று மாலை அத்தையோடு அதே காய்கறிக் கடைக்குப் போனேன். கால் கிலோ கத்தரிக்காய்க்கும் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கும் ஸ்கேன் செய்தார். எதுவும் குறுக்கே வரவில்லை. பணம் போனதும் திரையைக் கடைக்காரரிடம் திருப்பிக் காட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னாலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். "எனக்கும் அந்தக் கடன் விளம்பரம்தாங்க வருது. பணம் வந்துச்சான்னு பாக்கவே விட மாட்டேங்குது." அத்தை அதை வாங்கி, சதுரப் பொத்தானைத் தானே அழுத்தினார். அட்டையின் தலையில் ஒரு டார்ச் லைட் சின்னம் இருந்தது.