காப்பும் கணக்கும் – 14: படிவத்தில் ஒரு கட்டம்

வாரம் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று வாசலில் வந்து நின்று தவணை வாங்கிப் போன அமெரிக்கக் காப்பீட்டு ஏஜென்ட்டுகளைப் போன வாரம் பார்த்தோம். ஆலைத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்த பெண்ணும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்தச் சில்லறையைக் கொடுத்தார்கள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் முறையாக எடுத்து அடக்கம் செய்யப் பணம் இருக்க வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. அந்த ஏஜென்ட் எந்த வாசலில் நிற்காமல் தாண்டிப் போனார் என்பதை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

1881ஆம் ஆண்டு நியூவார்க் நகரின் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. கறுப்பின மக்கள் வெள்ளையர் கட்டும் அதே தவணையைத்தான் கட்ட வேண்டும். ஆனால் அவர்கள் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். அடிமை முறை ஒழிந்து அப்போது 16 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கறுப்பினத்தவர் சீக்கிரம் இறக்கிறார்கள், அதனால் கட்டுப்படியாகவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். சீக்கிரம் இறந்தார்கள் என்பது உண்மைதான். ஏன் இறந்தார்கள் என்று கேட்க அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. படிவத்தில் நிறத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. விசாரணை அந்தக் கட்டத்தோடு முடிந்துபோனது.

1884இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. கனெக்டிகட், ஒஹாயோ, நியூயார்க் என்று வேறு சில மாநிலங்களும் பின்னால் வந்தன. ஒரே தவணைக்கு ஒரே தொகை கொடுத்தே தீர வேண்டும் என்று ஆனபோது, நிறுவனங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. கறுப்பினத்தவர் வீடுகளுக்குப் போய்ப் பாலிசி கேட்காதீர்கள் என்று ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லிவிட்டன. சட்டம் தடுத்தது குறைத்துக் கொடுப்பதை. கொடுக்காமலே இருப்பதை அது தடுக்கவில்லை.

இதற்கெல்லாம் அறிவியல் முலாம் பூசிக் கொடுத்தவர் ஃபிரெடரிக் ஹாஃப்மன். ஜெர்மனியில் பிறந்தவர், புருடென்ஷியலின் புள்ளியியலாளர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இனக்கூறுகள் பற்றி 1896இல் அவர் எழுதிய தடித்த புத்தகத்தை அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள். காசநோயும் குழந்தை இறப்பும் கறுப்பினத்தவரிடையே அதிகமாக இருப்பதற்குச் சூழ்நிலை காரணமல்ல, இனமே காரணம் என்பது அவருடைய முடிவு. இந்த இனம் நாளடைவில் அழிந்துபோகும் என்ற அளவுக்குப் போனார்.

ஹாஃப்மன் உழைக்காத ஆய்வாளர் அல்ல. பின்னாளில் ஆலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பற்றியும் புற்றுநோய் பற்றியும் அவர் திரட்டிய எண்கள் பலருக்கும் பயன்பட்டன. அதுதான் என்னை உறுத்துகிறது. கல்லுடைப்பவனின் இருமலுக்கு அவன் வேலை செய்யும் இடத்தைக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு, கறுப்பினத்தவரின் இருமலுக்கு அவர்கள் குடியிருக்கும் இடத்தைக் காரணம் சொல்லத் தோன்றவில்லை. எண்களைத் திரட்டும் திறமை இரண்டு வேலைக்கும் ஒன்றுதான். யாரைப் பார்த்தால் இவரும் நம்மைப் போன்றவர் என்று மனதுக்குப் படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மறுப்பு உடனே வந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கெல்லி மில்லர், ஹாஃப்மன் நம்பிய 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கறுப்பினத்தவரைக் குறைத்து எண்ணியது என்று காட்டினார். சமூகவியலாளர் டுபாய்ஸ், இதே அளவு இறப்பு விகிதம் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிலும் இருக்கிறதே, அங்குள்ள வெள்ளையரும் அழியப்போகிறார்களா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கினார். அதிலிருந்து 1899இல் வந்த புத்தகம் இன்றும் சமூகவியல் மாணவர்கள் படிப்பது. மில்லரும் டுபாய்ஸும் கறுப்பினத்தவர். காப்பீட்டு அலுவலகங்களின் எந்த மேசையிலும் இடம் கிடைக்காதவர்கள். காப்பீட்டுத் துறை கேட்டுக்கொண்டது ஹாஃப்மன் சொன்னதை.

தங்களுக்கு மேசை கிடைக்காதபோது தாங்களே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டவர்களின் கதை வட கரோலினா மாநிலத்து டர்ஹமில் நடந்தது. ஜான் மெரிக் 1859இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலில் முன்னேறி, புகையிலைச் செல்வந்தர்களான டியூக் குடும்பத்துக்கே முடிதிருத்துபவரானார். ஆரன் மெக்டஃபி மூர், அந்த ஊரின் முதல் கறுப்பின மருத்துவர். இவர்கள் இருவரும் வேறு ஐந்து பேரும் சேர்ந்து 1898இல் ஒரு காப்பீட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் வட கரோலினா மியூச்சுவல். டாக்டர் மூரின் அலுவலகத்தில் ஒரு மூலைதான் அதன் முதல் இடம். நோயில் படுத்தால் வாரப்படி, இறந்தால் அடக்கச் செலவு. இந்த இரண்டையும் சில்லறைத் தவணைக்குக் கொடுத்தது.

தொடக்கத்தில் சங்கம் தடுமாறியது, பலர் விலகிப்போனார்கள். மெரிக்கும் மூரும் மட்டும் நின்றார்கள். மூரின் உறவினரான சி. சி. ஸ்பால்டிங் என்ற இளைஞரை மேலாளராக வைத்தார்கள். முதன்முதலில் ஒரு பாலிசிதாரர் இறந்து 40 டாலர் கொடுக்க வேண்டி வந்தபோது பெட்டியில் பணம் இல்லை. மூவரும் சொந்தக் காசைப் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்த ரசீதை வாங்கிக்கொண்டு ஸ்பால்டிங் ஊர் ஊராகக் காட்டினார். கறுப்பினத்தவரின் நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இந்த நிறுவனத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது, மருத்துவர் ஒருவர் முதலாளிகளில் ஒருவராக இருந்ததை. புருடென்ஷியலின் அட்டவணையில் காசநோய் ஓர் எண். மூருக்கோ அது நேற்று இரவு போய்ப் பார்த்துவிட்டு வந்த வீடு. அதனால் இறப்பு விகிதம் அதிகம் என்றால் தவணையைக் கூட்டுவோம் என்பதோடு அவர் நிற்கவில்லை, இறப்பைக் குறைக்கப் பார்த்தார். 1901இல் டர்ஹமில் கறுப்பினத்தவருக்கென்று லிங்கன் மருத்துவமனை திறக்கப்பட்டதில் அவருக்கும் மெரிக்குக்கும் பெரிய பங்குண்டு. டியூக் குடும்பம் அடிமைகளின் நினைவாகச் சிலை வைக்க நினைத்தது என்றும், சிலைக்குப் பதில் மருத்துவமனை கட்டிக்கொடுங்கள் என்று இவர்கள் மனதை மாற்றினார்கள் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். 1920களில் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநர் டாக்டர் கிளைட் டோனெல் ஆயுள் நீட்டிப்புத் துறை என்று ஒன்றையே தொடங்கினார். தவணை வாங்கப் போகும் ஏஜென்ட் கையில் சுகாதாரத் துண்டறிக்கையும் போயிற்று. தவணை வசூலிக்கும் அதே நடையில் சுகாதாரமும் வீட்டுக்கு வந்தது.

அந்த நிறுவனத்தின் எழுத்தர்கள், தட்டச்சர்கள், கணக்கர்கள் கறுப்பினப் பெண்களும் ஆண்களும்தான். தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்ணுக்குச் சமையலறையும் சலவைத் தொட்டியும் புகையிலை ஆலையும் தவிர வேறு வேலை அநேகமாகக் கிடைக்காத காலம் அது. மேசையில் அமர்ந்து சம்பளம் வாங்கிய அந்தப் பெண்ணின் வீட்டில் பிள்ளைகள் படித்தார்கள், மருத்துவரிடம் போக முடிந்தது. வேலை கொடுப்பதும் நோயைத் தடுப்பதும் அங்கே இரண்டு திட்டங்களாக இருக்கவில்லை. லிங்கன் மருத்துவமனை 1976இல் மூடப்பட்டது. அதன் வழிவந்த லிங்கன் சமூக சுகாதார மையம் 1971இல் தொடங்கி இன்றும் டர்ஹமில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது.

பெரிய நிறுவனங்களின் பழைய கணக்கு நூறாண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. அமெரிக்கன் ஜெனரல் என்ற நிறுவனம் அடக்கச் செலவுப் பாலிசிகளுக்குக் கறுப்பினத்தவரிடம் கூடுதல் தவணை வசூலித்த வழக்கில் 2000ஆம் ஆண்டு 20 கோடியே 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாலிசி விற்றது பல பத்தாண்டுகளுக்கு முன். தவணை மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதே ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரின் ஏட்னா, 1850களில் அடிமைகளின் உயிருக்கு அவர்களுடைய எஜமானர்கள் பெயரில் பாலிசி எழுதியதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. அடிமை இறந்தால் பணம் அவன் மனைவிக்கு அல்ல, எஜமானனுக்கு.

அதே ஏட்னா 2002இல் தன் மருத்துவக் காப்பீட்டு உறுப்பினர்களிடம், விருப்பப்பட்டால் உங்கள் இனத்தையும் மொழியையும் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கியது. தேசிய அளவிலான காப்பீட்டு நிறுவனங்களில் இதை முதலில் செய்தது அதுதான். சர்க்கரை நோய்க்கான பரிசோதனை யாருக்கு விடுபடுகிறது, மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு எந்தப் பெண்கள் வருவதில்லை என்று தெரிந்துகொள்ள அந்தத் தகவல் வேண்டும் என்றார்கள். நியாயமான காரணம். ஆனால் பாட்டி கட்டிய தவணையில் ஏமாற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர், மறுபடியும் ஒரு காப்பீட்டு நிறுவனம் அதே கட்டத்தை நீட்டும்போது எப்படி நிரப்புவார்? பலரும் காலியாகவே விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டால் போகிறது, நிறம் பார்க்காத கணக்கு நல்ல கணக்குதானே என்று தோன்றும். 2019 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. எழுதியவர்கள் நால்வர். ஜியாத் ஓபர்மேயர் முதன்மை ஆசிரியர். நால்வரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர்.

அமெரிக்க மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்திவந்தன. தீராத நோய்கள் உள்ள லட்சக்கணக்கான பேரில், யாருக்குத் தனி நர்ஸ் வைத்துக் கூடுதல் கவனிப்புக் கொடுக்கலாம் என்று அது தேர்ந்தெடுக்கும். அதில் இனம் என்ற தகவலே கிடையாது. அடுத்த ஆண்டு இவருக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும்; செலவு அதிகம் என்றால் நோய் அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவமனை தூரத்தில் இருப்பவர், விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்று வலியைப் பொறுத்துக்கொள்பவர், மருத்துவர் தன்னை மதித்துக் கேட்பார் என்ற நம்பிக்கை இல்லாதவர், இவர்களுக்கெல்லாம் நோய் எவ்வளவு முற்றினாலும் செலவு குறைவாகத்தான் பதிவாகும். ஒரே அளவு நோயுள்ள வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 டாலர் குறைவாகச் செலவிடப்பட்டிருந்தது. மென்பொருள் அவரை ஆரோக்கியமானவர் என்று கணித்துவிட்டது.

கூடுதல் கவனிப்புக்குத் தானாகத் தேர்வானவர்களில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதம். செலவை விட்டுவிட்டு நோயின் அளவை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அது 46.5 சதவீதமாகும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மென்பொருள் யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் ஆப்டம் நிறுவனத்துடையது என்று செய்தி வந்ததும் நியூயார்க் மாநில அதிகாரிகள் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ஆய்வாளர்கள் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே திருத்தங்களைச் சோதித்தார்கள், பாகுபாடு பெருமளவு குறைந்தது.

இந்த அநீதி எப்படித் தெரிய வந்தது? ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மருத்துவமனையின் ஏடுகளில் நோயாளிகள் தங்கள் இனத்தைத் தாங்களே பதிந்திருந்தார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் மென்பொருள் இன்றும் பிழையில்லாத கணக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். 1881இல் கட்டம் இருந்தது, அநீதி நடந்தது. 2019இல் கணக்கில் கட்டம் இல்லை, அப்போதும் நடந்தது. கட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் அதைக் கொண்டு என்ன கேட்கிறார் என்பதைத்தான் நாம் விடாமல் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் உத்தரவுகள் வந்த பிறகு, பணியிடத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது பற்றிய வாசகங்களைப் பல நிறுவனங்கள் ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்துவிட்டன. வாசகம் போவதைவிட, அதோடு சேர்த்து இந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆட்களும் போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம்.

கேள்வியைச் சரியாகக் கேட்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு மாசசூசெட்ஸின் புளூ கிராஸ் புளூ ஷீல்டு என்ற காப்பீட்டு நிறுவனம் ஓர் உதாரணம். தன் உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் இனவாரியாக எங்கெங்கே இடைவெளி இருக்கிறது என்பதை 2021இல் அதுவே வெளியிட்டது. பிறகு, அந்த இடைவெளியைக் குறைக்கும் மருத்துவக் குழுக்களுக்குப் பணம் கொடுக்கும்படி ஒப்பந்தங்களை மாற்றியது. அந்த மாற்றத்துக்கு மருத்துவக் குழுக்கள் தயாராக இரண்டரைக் கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது.

ஆனால் தொலைபேசியை எடுத்து, உங்கள் இனம் எது, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள் என்று உறுப்பினரிடம் கேட்கப்போவது யார்? காப்பீட்டு நிறுவனங்களின் கால் சென்டரில், நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் ஊழியர். மறுமுனையில் இருப்பவரின் நம்பிக்கையைப் பெறுவதும் இழப்பதும் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

அந்த ஊழியர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஏட்னாவின் அன்றைய தலைமை நிர்வாகி மார்க் பெர்டோலினி பார்க்கச் சொன்னபோது வந்த விவரம் அவரை உலுக்கியது. அடிமட்டச் சம்பளம் மணிக்கு 12 டாலர். வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். அரசின் உணவு உதவி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் வைத்தியத்துக்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தில் இருந்தார்கள். நாட்டின் மிகப்பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றில் வேலை பார்ப்பவர்கள், அதே நிறுவனத்தின் காப்பீட்டில் சேர்ந்து வைத்தியம் பார்க்க வசதியில்லாமல் இருந்தார்கள்.

2015 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 16 டாலர் என்று பெர்டோலினி அறிவித்தார். சுமார் 5,700 பேருக்கு உயர்வு, கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு 33 சதவீதம். சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் மருத்துவச் செலவு அதைத் தின்றுவிடும் என்பதால், குறைந்த வருமானக் குடும்பங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையில் ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மிச்சமாகும் ஏற்பாட்டையும் சேர்த்தார். ஆட்கள் வேலையை விட்டுப் போவதால் மட்டும் ஆண்டுக்கு 12 கோடி டாலர் செலவாகிறது என்று நிறுவனமே கணக்குப் போட்டு வைத்திருந்தது. சம்பள உயர்வுக்கு ஆன செலவு அதில் ஒரு சிறு பங்கு.

இதே மேசைகளுக்குத்தான் மறுக்கப்பட்ட கிளெய்ம்களைப் பற்றிய அழைப்புகளும் வருகின்றன. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர்கள் மிகச் சிலரே. யார் செய்கிறார்கள், யார் பேசாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)