வடசேரியும் தென்சேரியும்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு இரு பக்கம் வேண்டும். எதிர்ப்பக்கம் இல்லையேல் ஆட்டமும் இல்லை. ஆயின், ஒருவன் எப்பக்கம் சேர்வது என்பதை முடிவு செய்வது யார்? ஆடுபவனது அறிவா, அவன் பிறந்த குடும்பமா, அன்றித் திருவுளச் சீட்டா? நம் நாட்டிற் பக்கம் சேர்தல் எளிய காரியமாக இருந்ததில்லை; அதன் விலையை அறியாத வீடு நம்மிடையே அரிது. ஆகவே, விளையாட்டிலே மாந்தர் எவ்வாறு கட்சி கொள்கின்றனர் என்பதை ஆராய்வது வீண்வேலையன்று.

நம்மிற் பெரும்பாலோர் முதன்முதலிற் கட்சி கொண்டது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியிலேயாம். எந்த இல்லம் என்று எவரும் நம்மைக் கேட்டிலர். பட்டியலிற் பெயர் இருந்தது, அவ்வளவே. ஆயினும், போட்டி நாளன்று அந்த நிறக் கொடிக்காகத் தொண்டை கட்டும்வரை கூவினோம். மறுநாள் அதே வகுப்பில், எதிர் இல்லத்தவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தோம். இந்த மறுநாள் என்பதே இக்கட்டுரையின் உயிர்நாடி என்க.

இதனை நம் முன்னோர் எத்துணை ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு மட்டக்களப்பு நாட்டின் கொம்பு விளையாட்டுத் தக்க சான்றாகும். கொம்புமுறி என்றும் இதனை வழங்குவர். கீழ்க்கரை ஊர்களிற் கண்ணகி வழிபாடு ஆழ வேரூன்றியது. காரைதீவு, தம்பிலுவில் முதலான இடங்களிற் கண்ணகை அம்மன் கோயில்கள் பழம்பெருமை உடையன. அவற்றுள் காரைதீவு, 1892ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகளை ஈன்ற ஊருமாகும். வைகாசித் திங்களில் அம்மனுக்குச் சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்பெறும். குளுத்தி என்னும் குளிர்விக்குஞ் சடங்கோடு விழா நிறைவெய்தும். மதுரையை எரித்த சினம் தணிந்தாலன்றி மழையும் நலமும் வாரா என்பது மக்கள் நம்பிக்கை. மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் பரந்தபோதும் அச்சினத்தைத் தணிப்பதற்கென்றே கொம்பு விளையாட்டும் ஆடப்பட்டது.

இவ்விளையாட்டிற்கு ஊர் முழுவதும் இரு கூறாகப் பிரியும். வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. வைரம் பாய்ந்த வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கோத்து, வடம் பிணித்து, இருதிறத்தாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவராவர். வென்ற சேரியார் ஆடிப்பாடி, தோற்ற சேரியாரை வசைப்பாட்டால் எள்ளி நகைப்பர். தோற்றவர் அதனைப் பொறுத்தல் மரபு. இதன் தோற்றத்திற்குக் கதைகளும் உண்டு. கண்ணகியும் கோவலனும் தொரட்டிக் கோல்களாற் பூப்பறிக்குங்கால் கோல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தனர் என்பது ஒன்று. சினத்தோடு வந்த கண்ணகியை மகிழ்விக்கவே ஆயர் இரு கட்சியாய் நின்று ஆடிக்காட்டினர் என்பது மற்றொன்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். அம்மன் சந்நிதியில், அம்மனுக்கு எதிர்க்கட்சியில் நிற்கத் துணிபவர் யார்? அவள் அடியவரே என்பதுதான் விடை. வடசேரியார் அவளை வெறுப்பவர் அல்லர். அதே கோயிலிற் பொங்கி, அதே வழக்குரையைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பவரே. அவர்கள் கோவலன் பக்கம் நின்று வலிந்து இழுத்தால்தான் ஆட்டம் நிறைவேறும். ஆட்டம் நிறைவேறினால்தான் சினம் தணியும். எதிர்ப்பக்கம் நிற்றலும் ஒரு தொண்டு என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சேரி அவரவர் விருப்பினால் தெரிவதன்று. தந்தைவழி வருவது என்பர். மட்டக்களப்பு நாட்டிற் குடியோ தாய்வழி வருவது. ஆகவே, குடியால் ஒன்றானவர் சேரியால் வேறுபடக்கூடும். கணவனும் மனைவியும் எதிரெதிர்ச் சேரியாராய் நிற்றலும், தாய்மாமனுக்கும் மருகனுக்கும் வடம் இரண்டாதலும் நேரும். ஒரு பிளவின் கோடும் மற்றொரு பிளவின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல், குறுக்கே வெட்டிச் செல்கின்றன. வடத்தின் மறுமுனையில் நிற்பவன் நாளை நம் வயலில் அருவி வெட்ட வருபவன். நேற்று நம் வீட்டிற் பெண்கொண்டவன். பகை முற்றிப் பழியாகாமற் காத்தது இக்குறுக்குக் கோடே. எல்லாப் பிளவும் ஒரே கோட்டில் விழும் நாட்டிலேதான் பிளவு பிளவாகவே நிலைத்துவிடுகிறது.

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்கள ஊர்களில் இதே விளையாட்டு அங்கெலிய என வழங்கும்; கொம்பு விளையாட்டு என்பதே அதன் பொருள். அங்கே கண்ணகி பத்தினித் தெய்வம், கோவலன் பாலங்கன். மேற்பக்கத்தார் பாலங்கன் கட்சி. கீழ்ப்பக்கத்தார் பத்தினி கட்சி. ஒரு கொம்பினை மரத்தடியிலும் மற்றதனைக் குழியில் நாட்டிய தென்னங்குற்றியிலும் பிணித்து இழுப்பர். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்த ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட நூலிலும் இத்தகைய ஆட்டமொன்றைக் குறித்துள்ளார். இலங்கை வேந்தன் கயவாகு கண்ணகிக்கு விழா எடுத்தமையைச் சிலப்பதிகாரமும் கூறும். ஒரே தெய்வம், ஒரே ஆட்டம், இரு மொழி. இதனை மறந்தமை நம் இரு சாராரின் இழப்பேயாம்.

எனினும், பழமை யாவும் குறைவற்றது என்று கூறுதல் நேர்மையன்று. வசை எல்லை மீறியபோது விளையாட்டு வினையாயிற்று, கைகலப்பும் நேர்ந்தது. காலப்போக்கில் ஆட்டம் அருகியது. அண்மைக் காலத்தில் ஆர்வலர் சிலர் விழாக்களில் இதனை மீட்டு ஆடிக்காட்டியுள்ளனர். இதன் விரிவை அறிய விரும்புவோர் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை நாடுக.

இனி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி வீடுகளில் வளரும் நம் மாணவரை நோக்குவாம். அவர்க்குக் கோயில் வெளியும் இல்லை, வடமும் இல்லை; கணினித் திரை உண்டு. ஆடுபவர் ஒரு பாத்திரத்தைப் பூண்டு கற்பனை உலகிற் புகும் விளையாட்டு முறை, 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதிலிருந்து பரவியது. அவ்வழி வந்த ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுதல் வேண்டா. அதனுள் ஓர் உள்நாட்டுப் போர் கிடக்கின்றது.

பேரரசுப் படை ஒருபுறம். அதனை எதிர்த்தெழுந்த ஸ்டோர்ம்குளோக் என்னும் கிளர்ச்சியாளர் மறுபுறம். பேரரசோ பகைவரோடு செய்த உடன்படிக்கையால் தன் குடிகளின் வழிபாடொன்றைத் தடைசெய்தது. கிளர்ச்சியாளர் அவ்வழிபாட்டு உரிமைக்காகவே வாளெடுத்தவர். ஆயின், அவர்தம் தலைநகரில் வேற்றினத்தார் ஒதுக்கப்பட்டு வறிய சேரியொன்றில் வாழ்கின்றனர். எப்பக்கம் சேர்வது? ஆடுபவர் இரண்டிலொன்றைத் தேரலாம்; இரண்டையும் விலக்கித் தன் வழியே செல்லவும் செய்யலாம். இப்போர் முடியாது நீள்வதையே விரும்பும் மூன்றாம் ஆற்றல் ஒன்றும் கதையில் உண்டு. அதனைக் குறிக்கும் ஏடு கதையினுள்ளேயே கிடக்கின்றது. தேடிப் படிப்பவனுக்கே அது புலப்படும்.

இவ்விரு விளையாட்டையும் ஒப்பிடின் வேற்றுமை நன்கு விளங்கும். கொம்பு விளையாட்டிற் கட்சி பிறப்பால் வந்தது. அறிவுக்கு அங்கே வேலையில்லை. ஆயின் மறுநாள் உண்டு. எதிரியின் முகத்தை விடியலில் மீண்டும் பார்த்தாக வேண்டும். கணினி விளையாட்டில் அறிவுக்கு வேலை உண்டு; இரு திறத்தார் வழக்கையும் கேட்டுத் தேரலாம்; ஆயின் மறுநாள் இல்லை. வீழ்ந்தவன் வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கப் போகவேண்டுவதில்லை. விருப்பமாயின் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி எதிர்க்கட்சியிலும் சேரலாம். ஒன்றில் பொறுப்பு உண்டு, தெரிவு இல்லை. மற்றொன்றில் தெரிவு உண்டு, பொறுப்பு இல்லை. வாழ்க்கையிலோ இரண்டும் ஒருங்கே வேண்டும்.

அவ்விரண்டையும் ஒருங்கு கொண்டவர் சங்கச் சான்றோர் கோவூர்கிழார். சோழன் நலங்கிள்ளி, உறையூரினுள் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை முற்றுகையிட்டான். இருவரும் ஒரே குடியினர். புலவர் எப்பக்கமும் சாய்ந்திலர். வாளா ஒதுங்கியிருக்கவும் இல்லை. இரு திறத்தாரையும் நோக்கி, எதிரில் நிற்பவன் சூடியது பனையும் அன்று, வேம்பும் அன்று; நீவிர் இருவரும் சூடியது ஆத்தியே; எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்னும் கருத்துப்பட உரைத்தார். புறநானூற்றின் 45ஆம் பாட்டு இது. பக்கம் சேராமை கோழைமை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரு படைக்கும் நடுவே சென்று, இருவர்க்கும் கசப்பானதைக் கூறுதற்குப் போர்க்களத்து மறவனினும் மிக்க துணிவு வேண்டுமன்றோ?

ஆகவே, மாணவர்க்கு யாம் கூறத்தக்கன மூன்றே. ஒன்று: பக்கம் சேருமுன் எதிர்ப்பக்கத்தார் வழக்கை, அவர் வாயாலேயே கேட்டறிக. நம் பட்டிமன்றங்களிற் சீட்டுக் குலுக்கிப் பக்கம் தருவதும், தான் நம்பாத பக்கத்திற்கும் ஒருவன் வாதாடுவதும் இப்பயிற்சிக்கேயாம். இரண்டு: இச்சண்டை நீள்வதால் ஊதியம் பெறுபவர் எவர் என்று வினவுக. மூன்று: வடத்தை எத்துணை வலிந்து இழுப்பினும், மறுமுனையைப் பற்றி நிற்பவனது முகத்தை மறவற்க.

விழாக் கொண்டாடும் நம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் கட்சிகள் உண்டு. எதிரெதிர் அரசியல் உடையார், ஒரே தேர்தலில் எதிர்த்து நின்றார், இங்கே இருந்தார், கடல் கடந்தார் எனப் பல திறத்தர். அவர் யாவரும் ஒருகாலத்தில் ஒரே மணியோசைக்கு எழுந்து நின்றவர். அவரைக் குறுக்கே வெட்டி இணைக்கும் கோடாகக் கல்லூரி என்றும் நிலவுவதாக.