நைட்ரேட் எதோடு சேர்கிறது?

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் கிணறும் போர்வெல்லும்தான் ஆதாரம். பல வீடுகளில் குடத்துக்கும் அதே தண்ணீர். பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியாவும், எருக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் கசிவதும் மண்ணில் நைட்ரேட்டாகி, மழையோடு நிலத்தடிக்கு இறங்குகின்றன. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் சுமார் 37 சதவீதம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. உடனே தண்ணீரிலேயே புற்றுநோய் என்று பதற வேண்டியதில்லை. நைட்ரேட் நேரடியாகப் புற்றை உண்டாக்குவதில்லை. உடம்புக்குள் அது எதுவாக மாறுகிறது, எதோடு சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாம் விழுங்கும் நைட்ரேட்டில் ஏறத்தாழ கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து பிரித்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்புற மடிப்புகளில் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த எச்சில் வயிற்று அமிலத்தில் விழும்போது, உணவிலுள்ள அமீன்களோடு நைட்ரைட் இணைந்து நைட்ரசமீன்கள் உருவாகலாம். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டைமெத்தில்நைட்ரசமீன் எலிகளின் கல்லீரலில் புற்றை உண்டாக்குவதை 1956-இல் மாகீ, பார்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட தீர்ப்பு இன்னும் நுட்பமானது: உடம்புக்குள் இந்த வினை நடக்கும் சூழலில் மட்டுமே உட்கொள்ளும் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்.

அப்படியானால் நைட்ரேட் நிறைந்த கீரையை விட்டுவிடலாமா என்று கேட்கலாம். வேண்டாம். பலரின் உணவில் நைட்ரேட்டின் பெரும்பகுதி காய்கறிகளிலிருந்தே வருகிறது; ஆனாலும் காய்கறி அதிகம் உண்பவர்களுக்கு வயிற்றுப் புற்று கூடுவதாகத் தெரியவில்லை. கீரையோடு வரும் வைட்டமின் சி, நைட்ரைட்டை அமீன் பிடிப்பதற்கு முன்பே செயலிழக்கச் செய்கிறது. தண்ணீரில் வரும் நைட்ரேட்டுக்கு அந்தத் துணை இல்லை. டென்மார்க்கில் சுமார் 27 லட்சம் பேரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறைவான அளவிலிருந்தே பெருங்குடல் புற்றோடு தொடர்பு தென்பட்டது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது. ஆனால் 45 என்ற வரம்பு, குழந்தைகளை நீலம் பாரிக்கச் செய்யும் ரத்தக் கோளாறை மனதில் வைத்து எழுந்தது. புற்றுநோய்க்கு அது காப்புறுதி ஆகாது.

நைட்ரைட்டுக்குக் கிடைக்கும் மோசமான கூட்டாளி வாழப்பாடியின் தோப்பிலேயே காய்க்கிறது. தோலுரித்து, வேகவைத்து, காயவைத்த பாக்கில் அரிகோலின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. பரமத்திவேலூர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து மெல்லும்போது, அரிகோலினும் எச்சிலின் நைட்ரைட்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மெல்பவர்களின் எச்சிலிலேயே பாக்குக்குரிய நைட்ரசமீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று விலங்குகளில் புற்றை உண்டாக்கியிருக்கிறது. பழி புகையிலைக்குத்தானே என்பது வழக்கமான மறுப்பு. புகையிலை கலக்காத தாம்பூலமும், பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று அதே முகமை 2004-இல் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பாக்கின் கேடு முழுவதும் நைட்ரசமீனால் மட்டும் வருவதல்ல. நாரிழைத் தடிப்பால் வாய் திறக்க முடியாமல் போவது வேறு கணக்கு. பாட்டி எண்பது வயது வரை மென்றாரே என்றால், தப்பியவரை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

ஆகவே கீரையைக் குறைப்பது தவறான இடத்தில் எடுக்கும் சிக்கனம். கிணற்று நீரைச் சோதித்து, வரம்பு மீறினால் ஆர்ஓ வடிகட்டியோ வேறு ஆதாரமோ தேடுவதும், யூரியாவைப் பயிருக்கு வேண்டிய அளவில் பிரித்துப் போடுவதும், பாக்கை வாயில் அடக்காமலிருப்பதும்தான் பலன் தரும்.