ஆப்பிள் உடம்பா? பேரிக்காய் உடம்பா?

பெண்களின் உடல்வாகுக்குப் பழங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் சதை போட்டிருந்தால் பேரிக்காய். வயிற்றில் போட்டிருந்தால் ஆப்பிள்.

கேலி என்று நினைக்காதீர்கள். இதில் உயிர் விஷயம் இருக்கிறது.

பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் ழான் வாக் என்ற டாக்டர் இருந்தார். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே சேருகிறது என்பதுதான் முக்கியம் என்று 1947-ல் எழுதினார். பிறகு வந்த ஆராய்ச்சிகளும் அதையே சொல்லின. தொடைக் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருக்கும். அதனால் தொல்லை குறைவு. தொப்பைக் கொழுப்போ குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அது வழி விடும்.

பேரிக்காயாக இருந்தவர்கள்கூட, மாதவிலக்கு நின்ற பிறகு ஆப்பிள் ஆவது உண்டு. கை கால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் தொப்பை விழலாம்.

அளந்து பாருங்கள். தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது! (பாவாடை நாடாவை நம்பாதீர்கள். அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள் அநேகர்.) நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் 31½ அங்குலம், எல்லை. அதைத் தாண்டினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆப்பிளுக்கு ஒரு பத்தியம், பேரிக்காய்க்கு ஒரு பத்தியம் என்று சொல்லிக் காசு பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாறாதீர்கள். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க முடியாது. உடம்பு முழுவதும் இளைக்கும்போதுதான் தொப்பையும் இறங்கும்.

தட்டில் சோற்றைக் குறையுங்கள். காயும் கீரையும் பருப்பும் கூடட்டும். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

இன்றைய அளவைக் காலண்டரில் குறித்து வைத்து, 3 மாதம் கழித்து மறுபடி டேப்பை எடுங்கள்.