கணவாய் நெபுலாவும் ஒரு பச்சைக் கோடும்

செஃபியஸ் விண்மீன் குழுவில், சிவந்த ஹைட்ரஜன் மேகம் ஒன்றின் நடுவே, கணவாய் மீன் வடிவில் நீலப்பச்சையாக ஒரு நெபுலா நீண்டு கிடக்கிறது. பட்டியல்களில் அதன் பெயர் ஓயூ4. வானில் அதன் நீளம் ஒரு டிகிரிக்கும் அதிகம். முழு நிலவுகள் இரண்டை ஒட்டி வைத்தாலும் ஓரம் வெளியே தெரியும். இவ்வளவு பெரிய பொருள் 2011 வரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நிக்கோலா ஊட்டேர் என்ற பிரெஞ்சு அமெச்சூர் வானியல் படப்பிடிப்பாளர், 106 மில்லிமீட்டர் வில்லை கொண்ட தொலைநோக்கியால் அதைப் பிடித்தார். நாலு அங்குலத்துக்குச் சற்றே அதிகமான வில்லை அது.

சிறியவர் பெரியவர்களை வென்ற கதையாக இதைச் சொல்வது பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். உண்மைக் காரணம் அவ்வளவு வீரதீரமானதல்ல. பெரிய தொலைநோக்கிகள் வானத்தின் மிகச் சிறு துண்டைத்தான் பார்க்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முக்கியக் கேமராவில் ஒரு படத்தின் அகலம் மூன்று ஆர்க் நிமிடத்துக்கும் குறைவு (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் நிமிடம்). ஓயூ4-ஐ நீளவாக்கில் மட்டும் படம் பிடிக்க அப்படி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை வரிசையாக ஒட்ட வேண்டும். 530 மி.மீ. குவியத்தூரம் கொண்ட ஒரு சிறு தொலைநோக்கியோ, முழுச்சட்ட சென்சாரோடு சேரும்போது நாலு டிகிரி வானத்தை ஒரே படத்தில் அள்ளிவிடுகிறது. தவிர, பரந்து மங்கிக் கிடக்கும் பொருளுக்கு வில்லையின் விட்டம் மட்டும் கணக்கல்ல. விட்டத்துக்கும் குவியத்தூரத்துக்கும் உள்ள விகிதமும், திறந்து வைத்திருக்கும் நேரமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. ஒரே பொருளுக்குப் பல இரவுகளைச் செலவிட பெரிய வானாய்வகங்களில் லேசில் அனுமதி கிடைக்காது. சொந்தத் தொலைநோக்கிக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் நிறம். வாயு மேகங்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியையே தேடினார்கள். ஓயூ4-ஐச் சூழ்ந்திருக்கும் மேகம் அந்தச் சிவப்பில் பிரகாசிப்பதால், 1959-இல் ஸ்டூவர்ட் ஷார்ப்ளெஸ் வெளியிட்ட பட்டியலிலேயே 129-ஆம் எண்ணாக இடம் பிடித்துவிட்டது. ஓயூ4 தரும் ஒளியோ பெரும்பாலும் 500.7 நானோமீட்டரில், ஒரே ஒரு பச்சைக் கோடாக வருகிறது. மூன்றில் ஒரு பங்கு வலுவோடு 495.9-இல் அதற்கு ஒரு துணைக்கோடு உண்டு.

இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் தரும் ஒளி இது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆக்சிஜனின் இரண்டாவது எலக்ட்ரானுக்கு 35 வேண்டும். அதனால் மிகச் சூடான விண்மீனின் புறஊதாக் கதிரோ, பாய்ந்துவரும் வாயு மோதி எழுப்பும் அதிர்ச்சி அலையோ இருக்கும் இடத்தில்தான் இந்த அயனி உருவாகும். சுவாரசியம் அதற்குப் பிறகுதான். சுற்றித் திரியும் எலக்ட்ரான் ஒன்று அயனியை இடித்துவிட்டுப் போகிறது. அந்த இடியில் அயனி ஆற்றலில் ஒரு படி ஏறிவிடுகிறது. பொதுவாக இப்படி ஏறிய அணு, நொடியின் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் ஒளியை உமிழ்ந்து இறங்கிவிடும். இந்தப் படியிலிருந்து இறங்க மட்டும் குவாண்டம் விதிகள் லேசில் வழிவிடுவதில்லை. சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் அயனி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில், முகூர்த்த வேளையில், மூலை நாற்காலியில் கண்ணயரப் பார்க்கும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் விட்டுவைத்தால் குறட்டை வந்துவிடும். விடமாட்டார்கள். சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் வருவார்; காபி ஆயிற்றா என்று ஒருவர் தோளைத் தொடுவார்; முதல் பந்திக்கு வாருங்கள் என்று இன்னொருவர் கையைப் பிடித்து இழுப்பார். பூமியின் காற்றில் அந்த அயனி அகப்பட்டால் அதன் கதியும் இதுவே. இங்கே ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத 25-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட வேண்டும். நொடிக்குப் பல நூறு கோடி இடிகள். வந்து இடிப்பவர் ஆற்றலையும் பறித்துக்கொண்டு போய்விடுவதால் குறட்டை, அதாவது பச்சை ஒளி, வரவே வராது. நெபுலாவிலோ கன சென்டிமீட்டருக்குச் சில நூறு துகள்கள் இருந்தாலே பெரிய கூட்டம். மண்டபம் ஒரு மாவட்டம் அளவு, விருந்தாளிகள் மூன்றே பேர் என்றால் பெரியவர் தாராளமாகத் தூங்குவார். அவர் ஒருவரின் குறட்டை யார் காதிலும் விழாதுதான். ஆனால் அப்படிப்பட்ட மண்டபங்கள் ஒளியாண்டுக் கணக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏதாவது ஒன்றில் யாராவது ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டேதான் இருக்கிறார், எல்லாக் குறட்டையும் ஒரே சுருதி. எந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரே சுருதியில் குறட்டை விடுகிறார்கள் என்று கேட்டால் உவமை நொண்டும். ஆக்சிஜன் அயனிகள் விடுகின்றன.

வரலாறு ஒரு பத்திக்குள் அடங்கும். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் குழுவிலுள்ள ஒரு நெபுலாவின் நிறமாலையில் இந்தக் கோட்டைக் கண்டார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துவராததால் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தைக் கற்பித்துக்கொண்டார்கள். தனிம அட்டவணையில் அதற்கு இடமில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1927-இல் ஐரா போவன் இது ஆக்சிஜன்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஒரே சுருதி என்பதுதான் படம் எடுப்பவருக்குக் கிடைத்த வரம். கண்ணுக்குத் தெரியும் ஒளி 400-இலிருந்து 700 நானோமீட்டர் வரை பரவியிருக்கிறது. வானத்தின் பின்னணி வெளிச்சம் அந்த 300 நானோமீட்டரிலும் சிந்திக் கிடக்கிறது. 500.7-ஐ நடுவில் வைத்து 3 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிடும் ஃபில்டரைப் போட்டால், பின்னணியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் கோடோ அநேகமாக முழுசாக வந்துசேரும். கண்ணாடியின் மேல் மெல்லிய படலங்களை அடுக்கி, குறுக்கீட்டு விளைவால் வேண்டாத அலைநீளங்களைத் திருப்பி அனுப்பும் ஃபில்டர் இது. ஒளி சாய்வாக விழுந்தால் அந்த வாசல் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். குவியத்தூரம் விட்டத்தின் இரண்டே மடங்காக உள்ள எஃப்/2 போன்ற வேகமான தொலைநோக்கியில் ஒளி செங்குத்தாக வருவதில்லை. அதற்கென்று செய்யாத 3 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டினால் வாங்க வந்த கோடே வெளியில் நின்றுவிடும். ‘நகரத்து வெளிச்சத்தை அறவே ஒழிக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் பல்நிற ஃபில்டர்களின் கதை வேறு. பழைய சோடியம் விளக்குகள் சில கோடுகளில் மட்டும் ஒளிவிட்டதால் அவற்றை வெட்டி எறிய முடிந்தது. எல்.இ.டி. தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளிவிடுகிறது. நிலவொளியும் அப்படியே, ஆக்சிஜன் கோட்டை நிலவில்லாத இரவில் எடுப்பதே உத்தமம்.

ஃபில்டருக்குப் பிறகும் நெபுலா இருட்டிலேயே இருக்கும். எண்களை வைத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடப் படம் ஒன்றில், சென்சாரின் ஒரு புள்ளியில் வானத்திலிருந்து 100 ஃபோட்டான்களும் நெபுலாவிலிருந்து 4 ஃபோட்டான்களும் விழுவதாக வைத்துக்கொள்வோம். ஃபோட்டான்கள் ஒழுங்காக வரிசையில் வருவதில்லை. 104 வரவேண்டிய இடத்தில் 94-உம் வரும், 114-உம் வரும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் இந்தத் தடுமாற்றம், இங்கே 10. பத்து ஏறி இறங்கும் இடத்தில் நாலைத் தேடினால் கிடைக்காது. அப்படி நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் நெபுலா 400 ஆகிறது. தடுமாற்றம் 10,400-இன் வர்க்கமூலம், 102 மட்டுமே. கணவாய் மேலெழும்புகிறது. படத்தின் தெளிவை இதைப்போல் இரண்டு மடங்காக்க இருநூறு படங்கள் போதாது, நானூறு வேண்டும். மணிக்கணக்கில் எடுத்த படம் என்று பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கறாரான கணக்கு இவ்வளவுதான்.

நூறு படங்களைக் கூட்டும்போது தவறுகளும் கூடும். அதே உதாரணத்தில் நெபுலா, பின்னணியில் நூற்றுக்கு நாலு. வில்லையின் ஓரங்களில் ஒளி மங்குவதும், ஃபில்டர்மேல் ஒட்டிய தூசியின் வளைய நிழலும் சுலபமாக அந்த அளவைத் தாண்டும். அதனால் சீரான வெளிச்சத்தை நோக்கி எடுத்த ‘ஃப்ளாட்’ படங்களால் ஒவ்வொரு படத்தையும் வகுக்க வேண்டும். மூடிபோட்டு எடுத்த ‘டார்க்’ படங்களைக் கழிக்க வேண்டும். ஒரு படத்தில் மட்டும் குறுக்கே போகும் செயற்கைக்கோள் கோட்டை, மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத எண் என்று மென்பொருள் தள்ளிவிடும். விலை உயர்ந்த தொலைநோக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் ஃப்ளாட் எடுக்கச் சோம்பல்படுவது இத்துறையின் நித்திய விநோதம்.

கடைசியில் வரும் வண்ணப் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் ஃபில்டரில் எடுத்தது சிவப்பில் ஏற்றப்படுகிறது. ஆக்சிஜனுடையது பச்சையிலும் நீலத்திலும் பகிரப்படுகிறது. பிறகு மங்கல் பகுதிகள் மட்டும் பல மடங்கு தூக்கிவிடப்படுகின்றன. வடிவம் உண்மை, நிறம் ஓரளவு உண்மை, பிரகாசம் முழுக்க முழுக்க ஒப்பனை. அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் வெறும் விண்மீன்கள்தான் தெரியும்.

ஊட்டேரின் படத்தைத் தொடர்ந்து, 2012-இல் ஆக்னஸ் ஆக்கர் தலைமையில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை, ஓயூ4 சூரியனைப் போன்ற விண்மீன் இறக்கும்போது விட்டுச்செல்லும் கோள்வடிவ நெபுலாவாக இருக்கலாம் என்றது. கட்டுரையாளர்களில் ஊட்டேரும் ஒருவர். 2014-இல் ரொமானோ கொராடி குழுவினர், லா பால்மா தீவிலுள்ள 2.5 மீட்டர் ஐசக் நியூட்டன் தொலைநோக்கியின் படங்களோடு வேறொரு விளக்கம் தந்தார்கள்: எச்.ஆர். 8119 என்ற பெரும் மும்மை விண்மீன் தொகுதி சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வெளியே வீசிய வாயு இது. அப்படியானால் தொலைவு ஏறத்தாழ 2,300 ஒளியாண்டு, நீளம் கிட்டத்தட்ட 50 ஒளியாண்டு. இந்தக் கணக்கு, கணவாய் அந்தச் சிவப்பு மேகத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பதை நம்பி நிற்கிறது.

ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் அருகே, ஒன்றரை டிகிரி நீளத்தில் இதே ஆக்சிஜன் ஒளியில் ஒரு வில் இருப்பதை 2023 ஜனவரியில் வெளியான சிறு ஆய்வுக்குறிப்பு ஒன்று அறிவித்தது. வானத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. யான் செய்ன்டி, சேவியர் ஸ்ட்ரோட்னர், மார்செல் டிரெக்ஸ்லர் ஆகிய அமெச்சூர்கள் கண்ட அந்த வில்லும் 106 மி.மீ. தொலைநோக்கியில்தான் முதலில் பதிந்தது. ஃபில்டரின் பிரதிபலிப்பாகவோ தவறான ஃப்ளாட்டாகவோ இருக்கக்கூடும் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. வேறு தொலைநோக்கிகளிலும் பதிவானதை உறுதி செய்த பிறகே அறிவித்தார்கள்.