உங்களுக்குத் தெரியுமா? – வரைந்து வைத்த வாசிப்பு

★ ராஜபாளையத்தில் பஸ் ஏறி கோவில்பட்டியில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சாகி வெளிவந்ததும் இந்த ஊரில்தான். எழுத்து தெலுங்கு, காசு எட்டயபுரம் சமஸ்தானத்துடையது. அதன் ஸ்வர வரிகளைப் பார்த்தால் எழுத்துகளை ஒட்டி, ஸ்வரத்தின் அசைவுகளான கமகங்களுக்கு, குட்டிக் குட்டிக் குறிகள் தெரியும். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழிறங்கும் சாய்கோடு, ரவைக்குக் கூம்பு முனை. வீணைத் தந்தியை எங்கே அழுத்துவது, எங்கே இழுப்பது, எங்கே வழுக்கிப் போவது என்பதெல்லாம் பார்த்தாலே விளங்கும். ச-ரி-க-ம எழுதத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் நடப்பதை இவ்வளவு விரிவாகக் காகிதத்தில் பிடித்துக் காட்டியதுதான் இவருடைய சாதனை.

★ அமெரிக்காவில் எர்ல் பிரவுன் 'டிசம்பர் 1952' என்று ஒரு தாளை இசை என்று நீட்டினார். ஸ்வரம் கிடையாது, தாளம் கிடையாது. அங்கங்கே சில கோடுகளும் கட்டங்களும் மட்டும்தான். தலைகீழாகத் திருப்பி வைத்தும் வாசிக்கலாம். இதற்குத்தான் 'கிராஃபிக் ஸ்கோர்' என்று பெயர். 'இதெல்லாம் எட்டயபுரத்தில் அன்றைக்கே வந்தாச்சு' என்று மார்தட்ட வேண்டாம். வாசிப்பவர் வழி தவறக் கூடாதென்று கோடு போட்டவர் தீட்சிதர். அவர் இஷ்டம்போல் போகட்டும் என்று கோடு போட்டவர் பிரவுன்.

★ கர்னாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதரும் எட்டயபுரம் சமஸ்தான வித்வான்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் வெள்ளைக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட வாத்தியத்தோடு கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்தார். மகள் வயிற்றுப் பேரனான நம் சுப்பராம தீட்சிதரைத் தத்தெடுத்து வளர்த்தவரும் இவரே.

★ இன்னும் பழசு வேண்டுமா? புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் குடைவரையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாறை முழுக்க ஸ்வர எழுத்துகள். அதுவும் ச, சி, சு, செ என்று உயிர் மாறிமாறி வரும். சில எழுத்துகளின் தலையில் புள்ளி. 'பரிவாதினி' என்ற தந்திக் கருவியின் பெயரும் அங்கே உண்டு. அந்தப் புள்ளி எதற்கு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

★ ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையில் தந்தி வாத்தியமே கிடையாது. கையில் தாளம், வாயில் பாசுரம், அப்புறம் அபிநயம். நாதமுனிகள் அமைத்ததாகச் சொல்லப்படும் மெட்டுகள் வாய்வழியாகவே வந்து, பெரும்பாலும் வழியிலேயே தொலைந்துபோயின. மார்கழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் திருப்பாவைக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று தொடங்கி ராகம் வகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். கனராகங்கள் எனப்படும் அந்த ஐந்தையும் அப்படியே வரிசையாக வைத்துத் தொடங்குகிறார்!

★ போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கி 1961இல் 48 தந்தி வாத்தியங்களுக்கு 'பாலிமார்ஃபியா' எழுதினார். ஹிரோஷிமாவுக்குக் காணிக்கையாக்கிய தம்முடைய முந்தைய இசையை நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டி, அப்போது அவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்த இ.இ.ஜி. கோடுகளைப் பார்த்து, அதே வளைவுகளை வயலின்காரர்களுக்கு வரைந்து கொடுத்தார். கேட்டால் உடம்பு கூசும். 'தி எக்சார்சிஸ்ட்' (1973), 'தி ஷைனிங்' (1980) என்று இரண்டு பேய்ப் படங்கள் அதை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. வேடிக்கை என்னவென்றால், அத்தனை கூச்சலும் முடிந்து கடைசியில் சுத்தமான ச-க-ப ஒலிக்கும். அந்த இடத்தைப் படம் பார்ப்பவர்கள் கேட்பதில்லை.

★ தாளே இல்லாமல் படத்துக்கு வாசித்தால்? 'பதேர் பாஞ்சாலி'யின் (1955) பின்னணி இசை அப்படித்தான் பிறந்தது. ரவிசங்கருக்குக் கச்சேரிக்கு நடுவே ஓய்வு இல்லை. படத்தில் பாதியளவு மட்டும் பார்த்துவிட்டு ஒரே அமர்வில், விடிய விடிய, பெரும்பாலும் அங்கேயே மனோதர்மமாக வாசித்து முடித்தார். போதாமல் போன இடத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா சித்தாரை எடுத்து வாசித்திருக்கிறார். படத்தின் உச்சம் வேறொன்று. ஊரிலிருந்து திரும்பிய அப்பா, மகள் துர்கா இறந்துபோனது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அம்மா சர்வஜயா வாய் திறந்து கதறுகிறாள். அவள் குரலைக் காணோம். அதற்குப் பதில் தார் ஷெனாய், பட்தீப் ராகத்தில், மேல் ஸ்தாயியில். பெயரைப் பார்த்து ஊதுகுழல் என்று நினைத்துவிடாதீர்கள், அது குழாய் பொருத்திய எஸ்ராஜ், வில் போட்டு வாசிப்பது. இந்திய சினிமாவில் இதற்கு மேல் ஒரு வில் அழுததில்லை என்பது என் கட்சி.

★ யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் மீரா நாயரின் 'சலாம் பாம்பே!'வுக்கு (1988) இசையமைத்தார். தம்பி எல். சங்கர், ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' படத்துக்காகப் பீட்டர் கேப்ரியல் செய்த இசையில் இரட்டை வயலின் வாசித்தார். இரண்டு கழுத்து, பத்துத் தந்தி. டபுள் பாஸ் முதல் வயலின் வரை ஒரே தோளில்!

★ 'ஜோக்கர்' (2019) படப்பிடிப்புக்கு முன்பே ஹில்டர் குட்னடோட்டிர் திரைக்கதையைப் படித்துவிட்டுச் செல்லோவில் இசையமைத்து அனுப்பினார். குளியலறையில் வாக்கீன் ஃபீனிக்ஸ் ஆடுவது அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டேதான். ஆஸ்கரும் வந்தது.

★ ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று 2021இல் சேர்த்து அறிவித்தார்களே, அந்த மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில் இருக்கிறது இளையராஜாவின் பண்ணைப்புரம். அவர் வழியோ வேறு. ரீலைப் பார்த்துவிட்டு, வயலின், வயோலா, செல்லோ என ஒவ்வொன்றுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷனில் கையால் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனாலும் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்?' (1986) தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேளுங்கள். ஐந்து கோட்டுக்குள் எழுத முடியாத அசைவுகள் வந்து விழும். பாலு மகேந்திரா அந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்து 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணி வைத்தார். அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.